ஆடாத நாப்

டிஸ்கி முதல்லயே போட்டுடறேன். இது கிடார் கத்துக்கொடுக்கிற பதிவு இல்ல. கிடார்ல நாப் ஆடுச்சு, அதைச் சரி பண்ண உக்காந்தேன், அவ்வளவுதான் கதை. நடுவுல கொஞ்சம் கொசுவத்தி சுத்தும், பொறுத்துக்கோங்க.

ரொம்ப நாளா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. கடையைத் திறக்கவே முடியலை. போன வாரம் ஞாயித்துக்கிழமை காலைல இட்லியை முழுங்கிட்டு, ஹால்ல பேப்பரை விரிச்சு, அண்ணனோட கிடாரை மேல போட்டு, டூல்ஸ் டப்பாவைத் திறந்தேன். தங்கமணி ஒரு பார்வை பார்த்தாங்க. "மிக்சி ஜார் லூசா ஆடுதுன்னு மூணு மாசமா சொல்றேன்"னு அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் கிடார் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

கிடார் வந்த கதையைச் சொல்லிடறேன். அண்ணன் பையன் இப்போ பிளஸ் ஒன். ஏதோ வீடியோவைப் பார்த்துட்டு எலெக்ட்ரிக் கிடார் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னிருக்கான். "புதுசெல்லாம் முடியாது, பரண்ல ஒண்ணு கெடக்கு, எடுத்து வாசி"ன்னு அண்ணன் இறக்கிக் குடுத்துட்டார். போன தீபாவளிக்குத் திருச்சி போனப்போ பய என்கிட்ட நேரா வந்துட்டான். "சித்தப்பா, நாப் எல்லாம் ஆடுது. திருகினா சும்மாவே சுத்துது. நீங்கதான் இன்ஜினியராமே, சரி பண்ணிக் குடுங்க."

பொட்டி தட்டுறவனுக்கும் நாப்புக்கும் என்ன சம்பந்தம்னு அவனுக்கு யார் சொல்றது. வாங்கிட்டு வந்துட்டேன். ஆனா வாங்கும்போதே வயித்துக்குள்ள ஏதோ பண்ணிச்சு. ஏன்னா மூணு நாப்புமே ஆடலை. ரெண்டுதான் ஆடுச்சு. மூணாவது, அதாகப்பட்டது வால்யூம் நாப், கல்லு மாதிரி நின்னுது. அது ஏன் கல்லு மாதிரி நிக்குதுன்னு உலகத்துல ஒருத்தனுக்குத்தான் தெரியும்னு அன்னிக்கு வரைக்கும் நெனச்சுட்டிருந்தேன்.

நிற்க. முதல்ல நாப்.

கிடார் நாப் ஆடுதுன்னு வர்ற கேஸ்ல பாதிக்கு மேல நாப் மேல தப்பே கிடையாது. கீழ இருக்கிற சாமான்ல இருக்கும். வெளிய தெரியறது பிளாஸ்டிக் தொப்பி மட்டும்தான். தொப்பிக்கு அடியில ஒரு பித்தளைத் தண்டு, தண்டுக்கு அடியில பிக்கார்டு பிளாஸ்டிக்குக்குப் பின்னாடி ஒரு தகர டப்பி. அந்த டப்பிதான் வேலை செய்யுது. புஸ்தகத்துல பொட்டன்ஷியோமீட்டர்னு போட்டிருக்கும், ரேடியோ மெக்கானிக்குகள் சுருக்கமா கன்ட்ரோல்னுவாங்க. நானும் கன்ட்ரோல்னே சொல்லிக்கறேன்.

அண்ணன் கிடார் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல். அசலை அமெரிக்காவுல ஃபெண்டர் 1954-ல கொண்டு வந்தாங்க. நம்மகிட்ட இருக்கிறது இந்தியாவுலயே செஞ்ச நகல், கம்பெனி பேர் வேண்டாம். மூணு நாப். ஒண்ணு வால்யூம், ரெண்டு டோன். மூணும் அழுத்திச் சொருகுற ரகம், ஸ்க்ரூ கிடையாது. தண்டு நுனியில சின்னச் சின்னப் பல் வெட்டி, நடுவுல ஒரு பிளவு விட்டிருப்பாங்க. நாப்புக்கு உள்ளயும் அதே மாதிரி பல். ரெண்டும் கடிச்சுக்கும். பிளவு இருக்கிறதால தண்டு ஸ்பிரிங் மாதிரி விரிஞ்சு பிடிச்சுக்கும். வருஷக்கணக்குல கழட்டி மாட்டினா ரெண்டு பாதியும் உள்பக்கமா நெருங்கிடும். பிடி போயிடும். நாப் சுத்தும், தண்டு சுத்தாது.

இதுக்கு வைத்தியம் சுலபம். நாப்பை நேரா மேல இழுத்து எடுக்கணும். வரலைன்னா ஸ்க்ரூ டிரைவரை வச்சு நெம்பாதீங்க, பிக்கார்டுல பள்ளம் விழும். பழைய வேட்டித் துணியைக் கயிறு மாதிரி முறுக்கி நாப்புக்கு அடியில சுத்தி ரெண்டு பக்கமும் பிடிச்சு மேல தூக்கினா வந்துடும். அப்புறம் சன்னமான திருப்புளியைத் தண்டோட பிளவுல விட்டு ஒரு மயிரிழை விரிக்கணும். ஒரு மயிரிழைதான். பித்தளை பாருங்க, கொஞ்சம் ஜாஸ்தியானா ஒரு பாதி 'டிக்'னு கையோட வந்துடும். அப்புறம் கன்ட்ரோலையே மாத்தணும். அதுக்குப் பயந்தவங்க குழாய்க்குச் சுத்துற டெஃப்லான் டேப்பை ஒரு சுத்து சுத்திட்டு நாப்பை மாட்டலாம். வேலை செய்யும்.

இன்னொரு ரகம் பக்கவாட்டுல குட்டி ஸ்க்ரூ வச்சது, டெலிகாஸ்டர் மாடல்ல உலோக நாப்பா வரும். அதுல ஸ்க்ரூவை இறுக்கினா முடிஞ்சுது. என்ன, அதுக்கு முழுத் தண்டு வேணும். பிளந்த தண்டுல மாட்டி இறுக்கினா ரெண்டு பாதியும் நசுங்கிக் கோணலாத்தான் உக்காரும்.

மூணாவதுதான் நிஜமான வில்லன். நாப் இறுக்கமா இருக்கும், தண்டும் கூடவே சுத்தும், ஆனா கடைசிக்குப் போய் நிக்காது, டப்பியோட சேர்ந்து எல்லாமே சுத்தும். நாப்புக்கு அடியில ஒரு நட்டு இருக்கும் பாருங்க, அது லூசு. எல்லாரும் என்ன பண்ணுவாங்க? மேலேர்ந்தே ஸ்பேனரைப் போட்டு நட்டைத் திருகுவாங்க. நட்டு திரும்பும், அடியில டப்பியும் திரும்பும், டப்பியில பத்த வச்ச ஒயரும் முறுக்கிக்கிட்டு ஒரு கட்டத்துல பட்டுனு அறுந்துடும். நாப் இறுகிடுச்சு, கிடார் செத்துடுச்சு. ஆபரேஷன் சக்சஸ், பேஷன்ட் அவுட். இந்தத் தப்பை எத்தனையோ பேர் பண்ணியிருப்பாங்க. நான் பண்ணின தப்பு வேற ஜாதி, அதுக்கு வர்றேன்.

சரியான வழி பிக்கார்டைக் கழட்டுறது. ஸ்ட்ராட்ல வழக்கமா 11 ஸ்க்ரூ. (1950கள்ல வந்த அசல்ல 8-தான் இருக்கும்.) கம்பியெல்லாம் தளர்த்திட்டு, பிக்கார்டை மெதுவா தூக்கிக் கவுத்தா டப்பி மூணும் தெரியும். டப்பியை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு மறு கையில நட்டை இறுக்கணும். விரலால முடிஞ்ச வரைக்கும், அப்புறம் ஸ்பேனரால கால் சுத்து. போதும். பிக்கார்டுக்கும் டப்பிக்கும் நடுவுல பல்லு வச்ச நட்சத்திர வாஷர் ஒண்ணு இருக்கணும், அதுதான் டப்பியைச் சுத்த விடாம கடிச்சுப் பிடிக்கும். அண்ணன் கிடார்ல ரெண்டு டோனுக்குமே அது இல்ல.

இனி கொசுவத்தி.

1997. நான் பிளஸ் டூ எழுதி முடிச்சுட்டு வீட்டுல சும்மா இருந்தேன். அண்ணன் திருச்சியில ஒரு மெல்லிசைக் குழுவுல கிடார். ஒரு கச்சேரிக்கு 250 ரூபாய், சாப்பாடு, வேன். கிடார் ரெண்டாம் கையில வாங்கினது. வாங்கும்போதே வால்யூம் நாப் லூசு. அண்ணன் ஒரு பஸ் டிக்கெட்டை நாலா மடிச்சுத் தண்டுக்கும் நாப்புக்கும் நடுவுல சொருகி ஓட்டிட்டு இருந்தார். நாலு கச்சேரிக்கு ஒருதரம் டிக்கெட் நைஞ்சிடும், சட்டைப் பையிலேர்ந்து புதுசா ஒண்ணு எடுத்துச் சொருகுவார்.

வால்யூம் நாப்பு மேல அண்ணனுக்கு அவ்வளவு கவனம் ஏன்னு அப்போ எனக்குப் புரியலை. கச்சேரி கிடாருக்கு அது ஹேண்டில்பார் மாதிரி. பாடகர் பாடறப்போ கிடார் அடங்கிப் பின்னாடி போகணும், இடையிசை வந்ததும் முன்னாடி வரணும். ஸ்ட்ராட்ல வால்யூம் நாப் கம்பிக்குப் பக்கத்துலயே இருக்கும், மீட்டிக்கிட்டே வலது கை சுண்டு விரலால திருகலாம். "வாசிக்கிறது அஞ்சு விரல்டா, கச்சேரி பண்றது இந்தச் சுண்டு விரல்தான்"னு அண்ணன் காட்டுவார். அந்த விரல் நுனியில தோல் காய்ச்சுப் போயிருக்கும்.

சித்திரை மாசம், முசிறி பக்கம் ஒரு கிராமத்துல மாரியம்மன் திருவிழா. அன்னிக்கு மத்தியானம் அண்ணன் கொஞ்ச நேரம் வாசிச்சுப் பார்த்தார். உள்ள அப்பா தூங்கறார்னு வால்யூமை 3-ல வச்சிருந்தார். அப்புறம் கம்பி வாங்கணும்னு சைக்கிளை எடுத்துட்டுக் கிளம்பிட்டார். கிடார் கட்டில் மேல கெடந்துது. எடுத்து நானும் ரெண்டு இழுப்பு இழுத்தேன். நாப் கையோட வந்துடுச்சு, டிக்கெட் துண்டு துண்டா.

சத்தியமா நல்ல எண்ணம்தான் மக்களே. அண்ணன் வர்றதுக்குள்ள நிரந்தரமா சரி பண்ணி அசத்திடணும்னு நெனச்சேன். அலமாரியில ஃபெவிக்விக் இருந்துது. டிக்கெட் தூளை ஊதித் தள்ளிட்டு, தண்டு மேல ரெண்டு சொட்டு விட்டு, நாப்பை அழுத்தினேன். நல்லாப் பிடிச்சுக்கிச்சு. அசைச்சுப் பார்த்தேன், ஆடலை. ஆகா!

பத்து நிமிஷம் கழிச்சுத் திருகிப் பார்த்தேன். திரும்பலை.

பசை மேல தப்பே இல்ல. அது ஒட்டுறதுக்குன்னே பொறந்தது. தண்ணி மாதிரி இளகினது, சந்து எங்க இருக்கோ அங்கே தானா ஊறிப் போகும். தண்டு வழியா இறங்கி, தண்டு சுத்துற கழுத்துக்குள்ள போய் உறைஞ்சிடுச்சு. வால்யூம் 3-ல நின்னுடுச்சு. இன்னும் கொஞ்சம் பலமா திருகினேன். கையிலிருந்து வேர்வைதான் வந்தது. கிடாரை உறைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்து வச்சேன். அண்ணன் வந்தார், பையைத் தோள்ல மாட்டினார், வேன் வந்துது. ஒயர் தூக்க ஆள் வேணும்னு என்னையும் ஏத்திக்கிட்டாங்க. வேன்ல முப்பது கிலோமீட்டருக்கு மேல அண்ணன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். சொல்ல எவ்வளவோ நேரம் இருந்துது.

மேடைக்குப் பின்னாடி ஜெனரேட்டர் பக்கத்துல நின்னுட்டு இருந்தேன். அண்ணன் கிடாரைச் சொருகினார். சுண்டு விரலால திருகினார். வரலை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போட்டுத் திருகினார். வரலை. ஆர்கன் வாசிக்கிறவர்கிட்ட கட்டிங் பிளேயர் வாங்கி நாப்பைப் பிடிச்சுத் திருகினார். பிளாஸ்டிக்ல பல் பதிஞ்சுதே ஒழிய அசையலை. அதுக்குள்ள பாட்டு அறிவிச்சுட்டாங்க. ஆம்ப்பை முழுசா வச்சார். 3-ல இருக்கிற கிடார் ரொம்ப மெல்லிசாத்தான் கத்தும். ஆம்ப்பை எவ்வளவு ஏத்தினாலும் கிடாரை விட 'ஸ்ஸ்ஸ்'னு இரைச்சல்தான் ஜாஸ்தியா வரும்.

நாலாவதோ அஞ்சாவதோ 'இளைய நிலா'. 1982-ல 'பயணங்கள் முடிவதில்லை' வந்ததுலேர்ந்து அந்தப் பாட்டு இல்லாம கச்சேரி கிடையாது. ஆரம்பமே கிடார்தான், ஒளிஞ்சுக்க இடமே இல்ல. அண்ணன் ஆரம்பிச்சார். ஜனங்களுக்குக் கேக்கலை. முன்னாடி இருந்த பசங்க விசிலடிக்க ஆரம்பிச்சாங்க. சட்டுனு கீபோர்டுக்காரர் கிடார் டோனைப் போட்டு அதையே வாசிச்சார். ஸ்பீக்கர்ல கணீர்னு வந்துது. அண்ணன் விரலை எடுக்கலை, வாசிச்சுட்டேதான் இருந்தார். சத்தம் அங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரிஞ்சுது, அவருக்கும் தெரிஞ்சுது. மத்தபடி யாருக்கும் தெரியலை.

திரும்பி வரும்போது வேன்ல குழு ஓனர் பொதுவா சொன்னார், "பரவால்ல, கீபோர்டுலயே கிடார் நல்லா வருதுப்பா." அவர் குத்திக்காட்டிச் சொல்லலை. கணக்குப் போட்டுச் சொன்னார்.

அந்த வருஷம் அண்ணனுக்குக் கச்சேரி குறைஞ்சுது. அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். 2000-த்துல ஒரு கம்பெனி ஸ்டோர்ஸ்ல வேலைக்குச் சேர்ந்தார். என்னோட ரெண்டு சொட்டுதான் காரணம்னு சொன்னா அது எனக்கு நானே பெரிய மாலை போட்டுக்கற மாதிரி. கீபோர்டு எப்படியும் வந்திருக்கும். கிடார், வயலின், புல்லாங்குழல்னு ஒவ்வொருத்தரா வேன்ல இடம் குறைஞ்ச காலம் அது. ஆனா ஓனருக்கு அந்தக் கணக்கு தோணினது எந்த ராத்திரின்னு எனக்குத் தெரியும். அதை எந்தக் கீபோர்டு மேலயும் போட முடியலை.

வீட்டுக்கு வந்து படுக்கும்போது அண்ணன் சொன்னார், "வால்யூம் ஜாம் ஆயிடுச்சுடா. பழசுல்ல." நான் "ம்"னேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேச்சே வரலை. ரெண்டு வாரம் கழிச்சு எங்கேயோ பழைய வால்யூம் பெடல் ஒண்ணு 400 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தார். ஆர்கன்காரங்க கால்ல வச்சு அழுத்துவாங்களே, அது. அன்னிலேர்ந்து சத்தத்தைக் காலாலதான் கூட்டிக் குறைச்சார். நான் அதை ஸ்டைல்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சுக்கறதுதான் எனக்கும் வசதி.

சரி, ஞாயித்துக்கிழமைக்கு வருவோம்.

ரெண்டு டோன் நாப்பும் துணியைப் போட்டு இழுத்ததும் வந்துடுச்சு. முதல் நாப்புக்குள்ள மடிச்ச பஸ் டிக்கெட் ஒண்ணு அப்படியே இருந்துது. எழுத்தெல்லாம் போயி, சிகப்பு மட்டும் லேசா தெரியுது. தட்டுல எடுத்து வச்சேன்.

அப்புறம் 11 ஸ்க்ரூ. ரெண்டு துரு பிடிச்சுத் தலை நைஞ்சு போய் அரை மணி நேரம் எடுத்துது. பிக்கார்டைக் கவுத்தேன். தூசி, பழைய ஒயர், மூணு டப்பி. இதுல நான் எதிர்பார்த்து உக்காந்தது இவ்வளவுதான்: வால்யூம் டப்பி உறைஞ்சு கெடக்கும், மாத்திடுவேன், விஷயம் என்னோட போகும்.

வால்யூம் டப்பியில மூணு கால் இருக்கும். ஒரு ஓரக் காலுக்குப் பிக்கப்லேர்ந்து சத்தம் உள்ள வரும். நடுக் கால் வழியா ஜாக்குக்கு வெளிய போகும். இன்னொரு ஓரம் எர்த். நாப்பைத் திருகும்போது நடுக் கால் ரெண்டு ஓரத்துக்கும் நடுவுல நகருது, அதுதான் கூடறது குறையறது எல்லாம். இங்கே என்னடான்னா, உள்ள வர்ற காலுக்கும் நடுக் காலுக்கும் குறுக்கே ஒரு சின்ன ஒயர் துண்டு பத்த வச்சிருந்துது. அரை இஞ்ச் இருக்கும். சுத்தமான வேலை, ஈயம் பளபளன்னு சின்ன மணி மாதிரி. அதாவது நாப் 3-ல நின்னாலும் சத்தம் குறுக்கு வழியா வெளிய போயிடும்.

அட, அண்ணன் பைபாஸ் போட்டிருக்கார். அதனாலதான் பெடல். கிடார் எப்பவும் ஒரே சத்தம், குறைக்கிறது எல்லாம் கால்ல.

ஏன் டப்பியையே மாத்தாம விட்டார்னு ஒரு நிமிஷம் புரியலை. அப்புறம் பிக்கார்டைத் திருப்பி வால்யூம் நாப்பைப் பார்த்தேன். நட்டைக் கழட்டினாத்தான் டப்பி வரும். நாப்பைக் கழட்டினாத்தான் நட்டு தெரியும். நாப் வராது. அப்புறம் எப்படி மாத்தறது? டார்ச் அடிச்சுப் பார்த்தேன். நாப்போட பக்கவாட்டுல கட்டிங் பிளேயர் பல் பதிஞ்ச ரெண்டு தடம். அது எனக்குத் தெரிஞ்சதுதான், பின்னாடி நின்னு பார்த்தேனே. தெரியாதது அதுக்குக் கீழ இருந்துது. நாப்பைச் சுத்தி பிக்கார்டுல வட்டமா நெறைய கோடு. பிளேடை அடியில விட்டுச் சுரண்டின கோடு. சுரண்டின இடத்துல விட்டுப் போன மிச்சம், சாக்பீஸ் தூள் மாதிரி வெள்ளையா. அந்தப் பசை காஞ்சா அப்படித்தான் வெள்ளை பூக்கும்.

பழசாகி ஜாம் ஆன கன்ட்ரோலை யாரும் பிளேடு வச்சுச் சுரண்ட மாட்டாங்க. அப்பாவுக்குக் கிடார் பக்கமே ஆகாது. அம்மா தொட மாட்டாங்க. வீட்டுல மிச்சம் யாரு?

தங்கமணி காபி கொண்டு வந்து வச்சது, "என்ன, பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க"ன்னு கேட்டது எல்லாம் நெனப்பிருக்கு. "ஒண்ணுமில்ல, ஒயர்"னு சொன்னேன்.

மத்தியானம் அந்த நாப்பைக் கழட்ட உக்காந்தேன். பட்டுனு தோணினது நெயில் பாலிஷ் ரிமூவர். அசிட்டோன் இருக்கிற ரிமூவர்ல இந்தப் பசை கரையும். ஆனா அசிட்டோன் நாப்போட பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் தின்னுடும், பெயின்ட்டையும் விடாது. கட் பண்ணி எறிஞ்சுடலாம், புது நாப் செட்டே கிடைக்குது. மனசு வரலை. அதுல 10-ங்கிற நம்பர் பாதி தேஞ்சிருக்கு. சுண்டு விரல் தேய்ச்சது.

கடைசியில தங்கமணியோட ஹேர் டிரையர்தான் கை குடுத்துது. இந்தப் பசைக்குச் சூடு ஆகாது, பிடி தளரும். பிக்கார்டு பிளாஸ்டிக்கும் சூட்டுல நெளியும்கிறதால, அட்டையில ஓட்டை போட்டு நாப் மட்டும் வெளிய தெரியற மாதிரி மூடிட்டு அடிச்சேன். அஞ்சு நிமிஷம் சூடு, அப்புறம் வேட்டித் துணியால இழுப்பு. முதல் தடவை ஒண்ணுமில்ல. ரெண்டாவது தடவை துணி கிழிஞ்சுது. நாலாவது தடவை 'டக்'னு ஒரு சத்தம், நாப் சோபாவுக்கு அடியில போயிடுச்சு. உள்பக்கம் ரெண்டு பல் போயிருக்கு, மத்தபடி முழுசா இருக்கு. 3 நம்பர் பக்கத்துல பிளேயர் தடம் ரெண்டும் பத்திரம்.

புது கன்ட்ரோல் வாங்கறது தனிக் கதை. ரிச்சி தெருவுல கேட்டா 'லீனியர்தான் இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான் சார்'ங்கறாங்க. ஒண்ணு இல்ல. காதுக்குச் சத்தம் சமமா ஏறணும்னா கிடார் வால்யூமுக்கு லாக் ரகம்தான் வழக்கம், லீனியர் போட்டா கீழ் பக்கத்துலயே எல்லாச் சத்தமும் வந்துட்டு மேல போகப் போக ஒண்ணும் மாறாத மாதிரி இருக்கும். இந்த மாதிரி ஒத்தைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம். இன்னொண்ணு, தண்டுல பல் எண்ணிக்கை. அமெரிக்க சாமான்ல 24 பல், ஆசிய சாமான்ல பெரும்பாலும் 18 பல். தண்டு சைஸும் மயிரிழை வித்தியாசம். 18 பல் நாப்பை 24 பல் தண்டுல வச்சு அழுத்தினா நாப் பிளந்துடும். நமக்கு 18. ஆன்லைன்ல தேடி வாங்கி, புதன்கிழமை ராத்திரி பத்த வச்சேன். என் ஈயம் அண்ணன் வச்ச மாதிரி வரலை, புளியங்கொட்டை சைஸ்ல உருண்டுக்கிட்டு நிக்குது. நட்சத்திர வாஷர் மூணு. டோன் தண்டு ரெண்டையும் மயிரிழை விரிச்சேன். பழைய வால்யூம் நாப்புக்கு ரெண்டு பல் இல்லாததால டெஃப்லான் டேப் ஒரு சுத்து. தண்டைக் கடைசி வரைக்கும் திருப்பி வச்சுக்கிட்டு, 10 நம்பர் நேரா வர்ற மாதிரி நாப்பை அழுத்தினேன்.

சுண்டு விரலால திருகினேன். 10-லேர்ந்து 3, 3-லேர்ந்து 10. வெண்ணெய் மாதிரி போகுது.

வியாழக்கிழமை அண்ணனுக்குப் போன் போட்டேன். முதல்ல பத்து நிமிஷம் வெயில், தண்ணி லாரி, பையன் பரீட்சை.

"அண்ணே, கிடார் ரெடி."

"ரெண்டும் இறுகிடுச்சா?"

"மூணும். வால்யூமையும் மாத்திட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தம் இல்ல. அண்ணி பாத்திரம் கழுவுற சத்தம் கேட்டுது.

"அந்த நாப்பு எப்படிடா வந்துச்சு?"

"ஹேர் டிரையர்."

"அட, எனக்கு இது தோணலையே. நான் பிளேடு போட்டுச் சுரண்டிப் பார்த்தேன்."

"பார்த்தேன்ணே."

நான் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவரே பேசிட்டார்.

"அப்போ அவனுக்குப் பெடல் வேண்டாம்ல? அதுவும் பரண்லதான் கெடக்கு, இடத்தை அடைச்சுக்கிட்டு. அடுத்த தடவை வரும்போது எடுத்துட்டுப் போ. அதுலயும் ஏதோ லூசா ஆடுது."